கழித்தல் குறியின் சரித்திரம்

தேடுபொறிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கூட்டலின் வரலாற்றையே எழுதுகின்றனர். இத்தனை கோடிப் பக்கங்கள் அட்டவணையில் ஏறின, இத்தனை மொழிகள் சேர்ந்தன, இத்தனை நொடிக்குள் விடை வந்தது என்று அது பெருகிக்கொண்டே போகும். அந்த வரலாற்றின் ஓரத்தில் ஒரு கழித்தலின் கதையும் இருக்கிறது. தேடுகிறவர் ஒருவர், "இந்தத் தளத்தை இனி என் கண்ணில் காட்டாதே" என்று சொல்ல விரும்பினார். அப்படிச் சொல்வதற்கு ஒரு பொத்தானைக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் உலகின் ஆகப் பெரிய தேடல் நிறுவனம் சில ஆண்டுகள் தடுமாறியது. கொடுத்தது, எடுத்தது, மறுபடி கொடுத்தது, மறுபடி எடுத்தது. இந்தத் தடுமாற்றத்தைத் தொடர்ந்து போனால், ஒரு வாசகரின் மறுப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் வந்து நிற்கிறோம்.

தொடக்கத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. 1994இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தொகுக்கத் தொடங்கிய யாஹூ ஓர் அடைவு. மனிதர்கள் பார்த்து, வகை பிரித்து, அடுக்கிய பட்டியல். நூலகத்து அட்டைப் பெட்டியின் நேர் வாரிசு என்று அதைச் சொல்லிவிடலாம். அதில் தம் தளம் இடம்பெறவில்லையே என்பவர்கள்தாம் குறைப்பட்டுக்கொண்டனர். 1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த ஆல்டாவிஸ்டா நிலைமையை மாற்றியது. இப்போது இயந்திரமே இணையமெங்கும் ஊர்ந்து பக்கங்களை அள்ளி வந்தது. அள்ளுகிற கைக்கு நெல்லும் பதரும் தெரியாது. எனவே தேடுகிறவர் கையில் ஒரு முறத்தைக் கொடுத்தார்கள்: கழித்தல் குறி. ஒரு சொல்லின் முன் அதை இட்டால் அச்சொல் வரும் பக்கங்கள் விலகும். தளத்தின் பெயரைச் சுட்டும் கட்டளையோடு சேர்த்து இட்டால் அத்தளம் முழுவதுமே விலகும். பின்னர் வந்த கூகிளிலும் இதே வசதி இருந்தது, இன்றும் இருக்கிறது.

அந்தக் குறிக்கு நினைவாற்றல் கிடையாது என்பதுதான் குறை. ஒவ்வொரு தேடலிலும் அதைப் புதிதாகத் தட்டச்சு செய்யவேண்டும். வேண்டாத தளங்கள் இருபது என்றால் இருபது முறை. வாசலில் வந்து நிற்பவரிடம் நேற்றுச் சொன்னதையே இன்றும் நாளையும் சொல்லிக்கொண்டிருப்பதைப் போன்றது அது. நூலாசிரியரும் நிரலாளரும் வேண்டினால் அதைச் செய்யலாம்; சாதாரண மனிதர் செய்யமாட்டார், செய்யவுமில்லை.

கூகிள் பிறந்தபோது இதற்கான தேவை தற்காலிகமாக மங்கியது. 1998இல் செர்கே பிரின்னும் லாரி பேஜும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுபவை எத்தகையவை என்பதை வைத்து அதன் தகுதியைக் கணித்தது. விளைவு உண்மையிலேயே வியப்பூட்டுவதாக இருந்தது. பதர் தானாகவே அடியில் தங்கியது. அதே கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பரத்தால் வாழும் தேடுபொறி இயல்பிலேயே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று அவ்விருவரும் எச்சரித்திருந்ததை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் அவர்கள் நிறுவனமே விளம்பரத்தால் வாழத் தொடங்கியது. 2003 ஜூனில் வந்த ஆட்சென்ஸ் திட்டம், எந்தத் தளத்துக்காரரும் தம் பக்கத்தில் கூகிள் விளம்பரத்தை இட்டுக் காசு பார்க்கலாம் என்றாக்கியது. ஒரு பக்கத்துக்கு வாசகர் வந்து சேர்ந்தாலே போதும், அவர் நிறைவடைந்து திரும்பினாரா என்பது பொருட்டில்லை என்ற பொருளாதாரம் அன்று வேர் பிடித்தது.

அதே 2003இல் ஒக்லஹோமாவின் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சர்ச் கிங் என்ற நிறுவனம் தன் தளத்தின் மதிப்பெண்ணைக் கூகிள் வேண்டுமென்றே குறைத்துவிட்டது என்று வழக்குத் தொடுத்திருந்தது. தேடுபொறி இடும் வரிசை அந்நிறுவனத்தின் கருத்து, கருத்துக்கு அமெரிக்க அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. சட்ட நோக்கில் இது சரியாகவே இருக்கலாம். ஆனால் தேடல் முடிவு ஒரு கருத்து என்றால், அதைப் படிப்பவருக்கும் ஒரு கருத்து இருக்குமல்லவா? அதை எங்கே எழுதி வைப்பது?

நிரலாளர்கள்தாம் முதலில் பொறுமையிழந்தனர். அவர்களது எரிச்சலின் சின்னமாக விளங்கியது எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளம். ஒரு நிரலாக்கச் சிக்கலைத் தேடினால் அது முதல் பக்கத்தில் வந்து நிற்கும். சொடுக்கினால் கேள்வி தெரியும்; விடைக்குக் கட்டணம் கேட்கும். தேடுபொறியின் ஊர்திக்கு மட்டும் விடையைக் காட்டுவது விதிமீறல் என்பதால், பக்கத்தின் வெகு அடியில், விளம்பரங்களையெல்லாம் தாண்டிய பிறகு, விடை உண்மையில் இருக்கும். இது தெரிந்தவர் கீழே உருட்டிப் படித்தார். தெரியாதவர் திட்டிக்கொண்டே திரும்பினார். மறுநாளும் அதே தளம் வந்து நின்றது. ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு எழுதப்பட்ட சிறு நிரல்களும் நீட்சிகளும் இத்தகைய தளங்களைத் தேடல் பக்கத்திலிருந்து அழித்துக் காட்டத் தொடங்கின. பொத்தானைக் கொடுக்காதபோது, மக்கள் தாமே ஒன்றைச் செய்து ஒட்டிக்கொண்டனர் என்பதை வரலாற்றாய்வாளர் கவனிக்கவேண்டும். ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஜெஃப் ஆட்வுட்டும் 2008இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியதற்கும் இந்த எரிச்சல் ஒரு காரணம்.

2008 நவம்பரில் கூகிள் தானே முன்வந்தது. சர்ச்விக்கி என்று அதற்குப் பெயர். கணக்கில் நுழைந்து தேடுபவர் ஒரு முடிவை மேலே ஏற்றலாம், அடியோடு நீக்கலாம், குறிப்பும் எழுதி வைக்கலாம். மாற்றம் அவருக்கு மட்டுமே. உலகுக்கான வரிசை மாறாது. கோட்பாட்டளவில் மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் ஒரு குறிப்பிட்ட தேடலுக்கான ஒரு குறிப்பிட்ட முடிவைத்தான் அதில் நீக்க முடிந்தது. சொல்லை மாற்றித் தேடினால் அதே தளம் வேறு பக்கத்தோடு திரும்பி வந்தது. 2010 மார்ச்சில் இதை எடுத்துவிட்டு, பிடித்த முடிவுக்கு நட்சத்திரம் இடும் வசதியைக் கொண்டுவந்தார்கள். மக்களுக்குக் குறித்து வைப்பது பிடித்திருக்கிறது, தேடல் வரிசையை மாற்றுவது பிடிக்கவில்லை என்று சோதனைகளில் தெரிந்ததாக நிறுவனம் விளக்கியது. ஒரு கருவியை அரைகுறையாகச் செய்துவிட்டு, அதை யாரும் பயன்படுத்தவில்லை என்பதை மக்களின் விருப்பமாக எழுதிக்கொள்வது அலுவலகங்களுக்குப் புதிதன்று.

நட்சத்திரம் வந்த அதே ஆண்டில் பதர் மலையாகக் குவிந்துகொண்டிருந்தது. இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். ஏனெனில் இது எழுத்தைப் பற்றிய விஷயமும்கூட.

2006இல் தொடங்கப்பட்ட டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம் எழுத்தைத் தலைகீழாக நிறுத்தியது. எழுதுகிறவருக்கு ஒன்று சொல்ல இருக்கிறது, அதற்கு வாசகர் தேடப்படுகிறார் என்பது வழக்கமான வரிசை. இங்கே மக்கள் எதைத் தேடுகிறார்கள், அத்தேடலுக்கு என்ன விலையில் விளம்பரம் விற்கும், ஏற்கெனவே எத்தனை பக்கங்கள் போட்டியிடுகின்றன என்பவற்றை ஒரு கணிநிரல் கணக்கிட்டுத் தலைப்புகளைத் துப்பியது. தலைப்பு ஒரு பொதுப் பட்டியலில் விழும். கூலி எழுத்தாளர் எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுப்பார். 2009இல் 'வயர்ட்' இதழ் வெளியிட்ட விரிவான கட்டுரையின்படி, ஒரு கட்டுரைக்கு எழுதுபவருக்குச் சுமார் 15 டாலர், திருத்துபவருக்கு இரண்டரை டாலர், தகவல் சரிபார்ப்பவருக்கு ஒரு டாலர். நாளொன்றுக்குச் சுமார் 4,000 கட்டுரைகளும் காணொளிகளும் வெளிவந்தன. உண்மை ஒரு டாலர் பெறும் என்று விலை வைத்த முதல் பதிப்பகம் அதுவாகத்தான் இருக்கும். பல பக்கங்கள் ஈஹவ் என்ற அதன் தளத்தில் வந்து குவிந்தன. கழிவறை அடைப்பை நீக்குவது எப்படி என்பதிலிருந்து வாழ்க்கையை வாழ்வது எப்படி என்பது வரை எல்லாவற்றுக்கும் அங்கே ஐந்து படிநிலைகளில் விடை உண்டு.

இவற்றை உள்ளடக்கப் பண்ணைகள் என்று அழைத்தார்கள். அவற்றைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. ஒளித்துவைத்த சொற்களோ திருட்டு இணைப்புகளோ இல்லை. எழுதியவர்களில் பலர் 2008 நெருக்கடியில் வேலை இழந்த பத்திரிகையாளர்கள். அந்தப் பதினைந்து டாலர் அவர்களுக்கு அரிசி வாங்கிய காசு. கட்டுரை பொய்யாக இருந்தால் நீக்கலாம். சும்மா இருந்தால் என்ன செய்வது? எரிதத்தை அடையாளம் காணக் கூகிள் எழுதிய நிரல்களுக்கு இந்த 'சும்மா'வை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. படிக்கிறவருக்கு மட்டும் மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

2011 ஜனவரியில் நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மாதத்தின் தொடக்கத்தில், தம் தளத்தின் விடைகளை நகலெடுத்து விளம்பரத்தோடு வெளியிடும் தளங்கள் கூகிளில் மூலத்துக்கும் மேலே நிற்கின்றன என்று ஜெஃப் ஆட்வுட் பகிரங்கமாக எழுதினார். கூகிளில் எரிதத் தடுப்புக்குப் பொறுப்பாக இருந்த மாட் கட்ஸ் 21ஆம் தேதி ஒரு விளக்கம் வெளியிட்டு, உள்ளடக்கப் பண்ணைகளைக் கவனிப்போம் என்றார். நகல் தளங்களுக்கு எதிரான ஒரு மாற்றம் அம்மாத இறுதியிலேயே நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே டிமாண்ட் மீடியா பங்கொன்றுக்கு 17 டாலர் விலையில் நியூயார்க் பங்குச் சந்தையில் இறங்கியது. முதல் நாளிலேயே அதன் சந்தை மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பைத் தாண்டியது. அந்நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு அளித்த ஆவணத்தின்படி அதன் வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு கூகிள் விளம்பரங்களிலிருந்து வந்தது. களை எடுக்க வேண்டியவருக்கு அந்தக் களையிலும் ஒரு பங்கு இருந்தது என்றே இதைப் படிக்கவேண்டியிருக்கிறது. விளம்பரப் பிரிவுக்கும் தேடல் வரிசைக்கும் தொடர்பில்லை என்று மாட் கட்ஸ் திட்டவட்டமாக மறுத்தார். மறுக்க வேண்டியிருந்ததே நிலைமையைச் சொல்லும்.

அந்த மாதத்தின் கடைசி நாளில் ஒரு சிறிய போட்டியாளர் முந்திக்கொண்டார். பிளெக்கோ என்ற தேடுபொறி 2010 நவம்பரில்தான் பொதுவெளிக்கு வந்திருந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ரிச் ஸ்க்ரென்டா சுவாரசியமான மனிதர். 1982இல், பள்ளி மாணவராக இருந்தபோது, ஆப்பிள் கணினிகளில் வட்டுக்கு வட்டு பரவிய எல்க் குளோனர் என்ற நச்சுநிரலை விளையாட்டாக எழுதியவர். பின்னர் தன்னார்வலர்களால் தொகுக்கப்பட்ட திறந்த அடைவுத் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மனிதக் கண்ணை நம்புகிற மரபிலிருந்து வந்தவர் என்று சொல்லலாம். பிளெக்கோவில் ஒவ்வொரு முடிவின் அருகிலும் எரிதம் என்று குறிக்க ஒரு சுட்டி இருந்தது. அழுத்தினால் அத்தளம் உங்கள் தேடலில் மறுபடி வராது. கூகிள் தர மறுத்ததை அது எளிமையாகத் தந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயனர்கள் அதிகம் குறித்த இருபது தளங்களை எல்லோருடைய தேடலிலிருந்தும் நீக்குவதாக ஜனவரி 31ஆம் தேதி பிளெக்கோ அறிவித்தது. பட்டியலில் ஈஹவ் இருந்தது, எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. கைதட்டல் பலமாக எழுந்தது. அதே பட்டியலில் ஓர் இலவச அகராதித் தளமும் ஒரு கலைக்களஞ்சியத் தளமும் இருந்தன என்பதை அன்று கைதட்டியவர்கள் அதிகம் பேசவில்லை. நிரலாளர் ஒருவருக்கு அகராதித் தளம் இடைஞ்சல். ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதுவே ஊன்றுகோல். "எனக்கு வேண்டாம்" என்று பல நூறு பேர் தனித்தனியே சொன்னது, அடுத்த நாள் காலையில் "யாருக்கும் வேண்டாம்" என்று பொருள் மாறியது. இந்தப் பொருள் மாற்றம்தான் நம் கட்டுரையின் மையம். அடுத்த இரண்டு மாதங்களில் கூகிளிலும் இதுவே, இன்னும் பெரிய அளவில், நிகழ்ந்தது.

2011 பிப்ரவரி 14. குரோம் உலாவிக்கு 'பர்சனல் பிளாக்லிஸ்ட்' என்ற நீட்சியைக் கூகிள் வெளியிட்டது. தேடல் முடிவின் அடியில் அத்தளத்தைத் தடுக்க ஒரு சுட்டி, அவ்வளவுதான். தடுத்தால் அத்தளத்தின் எந்தப் பக்கமும் எந்தத் தேடலிலும் தெரியாது. சர்ச்விக்கியின் குறை தீர்ந்தது. ஆனால் இந்தப் பொத்தானுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நீங்கள் தடுக்கும் தளத்தின் பெயர் கூகிளுக்குப் போகும், அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்தலாமா என்று ஆராய்வோம் என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள். மறைக்கவில்லை, அந்த நேர்மையைக் குறிப்பிட்டாக வேண்டும்.

பத்து நாள் கழித்து, பிப்ரவரி 24ஆம் தேதி, பின்னர் பாண்டா என்று பெயர்பெற்ற மாற்றம் அமெரிக்காவில் அமலானது. விலங்கின் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். இதில் முக்கியப் பங்காற்றிய நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர் அது. இந்த மாற்றம் 11.8 சதவீதத் தேடல்களைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றியது. தேடுபொறி உலகில் இது நிலநடுக்கம். அமித் சிங்காலும் மாட் கட்ஸும் எழுதிய அறிவிப்பில் ஒரு தகவல் இருந்தது. புதிய கணிப்பு நீட்சியின் தரவுகளைச் சார்ந்ததன்று. எனினும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மக்கள் மிக அதிகமாகத் தடுத்த சில டஜன் தளங்களில் 84 சதவீதத்தை இக்கணிப்பும் பிடித்திருந்தது. பயனர்களின் விருப்பத்தை இயந்திரம் தானாகவே எட்டிவிட்டது என்பதில் அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி.

இந்த 84ஐ நாம் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறோம். இயந்திரத்தின் வெற்றியாக அதைப் படிக்கலாம். பத்து நாளில் சாதாரண மனிதர்கள் பொத்தானை அழுத்திச் சொன்னதைத்தான், உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் உழைத்துக் கண்டுபிடித்தார்கள் என்றும் படிக்கலாம். எப்படிப் படித்தாலும், நிறுவனத்தின் பார்வையில் பொத்தானின் பயன் என்ன என்பது தெளிவாகிறது: அது விடைத்தாளைச் சரிபார்க்கும் திறவுகோல். தேர்வு முடிந்த பிறகு திறவுகோலை யாரும் பாதுகாப்பதில்லை.

மார்ச் 10ஆம் தேதி பொத்தான் நீட்சியை விட்டு வெளியேறித் தேடல் பக்கத்துக்கே வந்தது. ஒரு முடிவைச் சொடுக்கி, பார்த்துவிட்டு உடனே திரும்பினால், அம்முடிவின் அருகில் அத்தளத்தை முழுவதும் தடுக்கும் வாய்ப்புத் தோன்றும். 500 தளங்கள் வரை தடுக்கலாம். தடுக்கப்பட்டவை ஒரு தேடலில் மறைக்கப்பட்டால் அதை ஒரு வரிக் குறிப்புத் தெரிவிக்கும். வேண்டினால் திறந்து பார்க்கலாம், தடையை நீக்கலாம். நாம் பார்த்தவரை தேடல் வரலாற்றில் வாசகருக்கு அளிக்கப்பட்ட மரியாதை மிக்க கருவி இதுவே. வாசகர் வெறுத்துத் திரும்பும் அந்த நொடியிலேயே கேட்டது, முடிவை அவரிடமே விட்டது, அவர் செய்ததை அவருக்கு மறக்காமல் நினைவூட்டியது. தடுக்கப்பட்ட தளங்களைத் தற்போது தரவரிசைக்குப் பயன்படுத்தவில்லை என்று அன்றைய அறிவிப்பு சொன்னது.

அந்தத் 'தற்போது' ஒரு மாதம் நீடித்தது. ஏப்ரல் 11ஆம் தேதி பாண்டா உலகெங்கும் ஆங்கிலத் தேடல்களுக்கு விரிந்தபோது, மிக உறுதியான சில நேர்வுகளில் பயனர்கள் தடுத்த தளங்கள் பற்றிய தரவுகளையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருப்பதாகக் கூகிள் அறிவித்தது. பிப்ரவரியில் பெரும்பாலும் தப்பியிருந்த ஈஹவ் இம்முறை அடிபட்டது. டிமாண்ட் மீடியாவின் பங்கு அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகஸ்டில் சீனம், ஜப்பானியம், கொரியம் தவிர்த்த பிற மொழிகளுக்கும் பாண்டா வந்தது. தமிழ்ப் பக்கங்களும் அன்றுமுதல் அதன் தராசில் ஏறின. தடுப்புப் பொத்தானோ முதலில் ஆங்கில கூகிளுக்கு மட்டுமே தரப்பட்டிருந்தது. ஒரு மொழியினர் அழுத்திய பொத்தானால் பழகிய தராசில் பிற மொழிகளின் எழுத்தும் நிறுக்கப்பட்டது என்பது மிகையாகாது.

அடிபட்டவர்களுக்காகக் கண்ணீர் விட நமக்குத் தோன்றவில்லை. பதினைந்து டாலர் எழுத்தாளர்களைத் தவிர. டிமாண்ட் மீடியா பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்தது. 2021இல் இன்னொரு நிறுவனம் அதை வாங்கியது. எழுதியவர்களின் பட்டியல் சுருங்கியது, பிறகு வற்றியது. மேலும், எந்த வகைப் பெருந்தடையிலும் நிகழ்வதுபோல, நேர்மையாக எழுதப்பட்ட சிறு தளங்கள் பலவும் தம் வாசகர்களை ஒரே இரவில் இழந்ததாக முறையிட்டன. தனிமனிதரின் தடையில் தவறு நேர்ந்தால் நட்டம் அவருக்கு மட்டும். அவரே அதைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு கணிப்பின் தவறைத் திருத்த யாரிடம் போவது?

அதே 2011 மே மாதத்தில் எலி பரைசரின் 'தி ஃபில்டர் பபிள்' நூல் வெளிவந்தது. 2009 டிசம்பர் 4 முதல் கூகிள், கணக்கில் நுழையாதவர்களுக்கும் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு முடிவுகளைக் காட்டத் தொடங்கியதை அந்நூல் தன் தொடக்கப் புள்ளியாகக் கொண்டது. நமக்குப் பிடிக்கும் என்று இயந்திரம் கருதுவதையே காட்டிக் காட்டி நம்மை ஒரு குமிழிக்குள் அடைக்கிறது என்பது அவர் வாதம். தடுப்புப் பொத்தானுக்கும் இவ்வாதத்தையே எதிராக வைத்தவர்கள் உண்டு. பிடிக்காத செய்தித்தாளைத் தடுப்பார், மாற்றுக்கட்சித் தளத்தைத் தடுப்பார், முடிவில் தன் குரலின் எதிரொலியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார் என்றார்கள்.

இந்த ஆட்சேபம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இருப்பினும் குமிழிக்கும் வேலிக்கும் உள்ள வேறுபாட்டை அது காணவில்லை. குமிழியை ஊதியவர் வேறொருவர். அதற்குள் இருப்பவருக்கு அது இருப்பதே தெரியாது. வேலியை நட்டவர் தாமே நட்டார். எத்தனை கம்பம், எங்கே படல் என்பது அவருக்குத் தெரியும். 500 தளங்களின் பட்டியலைத் திறந்து படித்தால் தன் வெறுப்புகளின் சரித்திரத்தையே ஒருவர் படித்துவிடலாம். இயந்திரம் நமக்காக விலக்கியவற்றின் பட்டியலை எங்கே போய்ப் படிப்பது? விந்தை என்னவெனில், பின்வந்த ஆண்டுகளில் நிறுவனம் குமிழியைத் தொடர்ந்தது, வேலியைப் பிடுங்கியது.

பிடுங்கியதும் ஓசையின்றி நடந்தது. தேடல் பக்கத்திலிருந்த தடுப்பு வசதி வேலை செய்வதை நிறுத்தியது. 2013இல் அது கைவிடப்பட்டது அதிகாரபூர்வமாயிற்று. வேண்டுமென்றால் குரோம் நீட்சியைப் பயன்படுத்துங்கள் என்றார்கள். சில ஆண்டுகளில் அந்த நீட்சியும் அங்காடியிலிருந்து மறைந்தது. பிளெக்கோ 2015இல் ஐபிஎம் நிறுவனத்தின் கைக்குப் போய்த் தேடல் சேவையை மூடியது. காரணங்களாகச் சிலவற்றை ஊகிக்கலாம். பொத்தானை அழுத்துவோர் எப்போதுமே சிறுபான்மையினர். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியலை ஒவ்வொரு தேடலிலும் பொருத்திப் பார்ப்பதற்குச் செலவுண்டு. போட்டியாளர்கள் ஆள் வைத்து ஒருவர் தளத்தை ஒருவர் தடுக்கக்கூடும் என்பதால் அந்தத் தரவின் மதிப்பும் குறையும். இவையெல்லாம் நியாயமான காரணங்கள்தாம். ஆனால் கூர்ந்து பார்த்தால், கடைசிக் காரணம் பொத்தானைச் சாட்சியாகக் கருதினால் மட்டுமே செல்லும். தனக்காக மட்டும் தடுத்துக்கொள்பவருக்குக் கள்ள ஓட்டு என்ன செய்யும்? மறுப்பை வாக்காக மாற்றியதால்தான் வாக்கின் நோய்கள் அதைப் பிடித்தன. வாசகர் கேட்டது வாக்குரிமையை அல்லவே. தன் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்று சொல்லும் உரிமையைத்தான்.

இந்த உரிமை அழியவில்லை, விளிம்புக்குப் போயிற்று. யூபிளாக்லிஸ்ட் என்ற திறமூல நீட்சி கூகிள் முதலான தேடுபொறிகளின் பக்கங்களிலிருந்து வேண்டாத தளங்களை நீக்குகிறது. பட்டியல் பயனரிடமே இருக்கிறது, பிறர் தொகுத்த பட்டியலுக்கும் சந்தா செலுத்துவதுபோல இணைந்துகொள்ளலாம். 2022 ஜூனில் பிரேவ் தேடுபொறி காகிள்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எவரும் தம் தரவரிசை விதிகளைத் தாமே எழுதி வெளியிடலாம். அதே மாதம் காகி என்ற கட்டணத் தேடுபொறி பொதுச் சோதனைக்கு வந்தது. விளம்பரமில்லாத அதில் ஒரு தளத்தை ஏற்றலாம், இறக்கலாம், அடியோடு தடுக்கலாம். பயனர்கள் மிகுதியாகத் தடுத்த தளங்களின் பட்டியலை அது வெளிப்படையாக இட்டிருக்கிறது. பின்டரெஸ்ட்டின் பல நாட்டு முகவரிகள் அதன் தலைப்பகுதியை நிரப்பியிருக்கின்றன. அப்பட்டியலைக் காண்பதற்காக வைத்திருக்கிறார்கள். தடுக்காத ஒருவருக்குப் பின்டரெஸ்ட் தெரிந்துகொண்டுதான் இருக்கும். பிளெக்கோ தவறிய இடம் இதுவே.

இலவசமாகத் தேடும்போது கிடைக்காத மறுப்பு, பணம் கொடுத்தால் கிடைக்கிறது என்பதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. 1998ஆம் ஆண்டுக் கட்டுரையின் பின்னிணைப்பு சரியாகத்தான் கணித்திருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இதற்குள் பதரின் விலை மேலும் சரிந்துவிட்டது. 2022இன் இறுதிக்குப் பிறகு, பதினைந்து டாலரும் வேண்டாம், ஒரு டாலர் சரிபார்ப்பவரும் வேண்டாம். மொழி இயந்திரங்கள் ஒரு நாளில் எழுதும் பக்கங்களை எண்ணி முடிக்க நாளாகும். படத் தேடல்களில் ஒரு பறவைக் குஞ்சைத் தேடினால் எந்தப் பறவைக்கும் பிறக்காத குஞ்சு வந்து நிற்கிறது. செயற்கைப் படங்கள் மலிந்த தளங்களைத் தன்னார்வலர்கள் தொகுத்து, யூபிளாக்லிஸ்ட்டில் இணைத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பராமரிப்பவர்கள் ஊதியமின்றிக் களையெடுக்கிறார்கள். ஒரு தளத்தைத் தவறாகச் சேர்த்துவிட்டதாக யாரேனும் முறையிட்டால் பார்த்து நீக்குகிறார்கள்.

கூகிள் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரு புதிய வசதியை அறிமுகப்படுத்தியது. முக்கியச் செய்திகள் பகுதியில் தமக்கு விருப்பமான ஊடகங்களைப் பயனர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவற்றின் செய்திகள் கூடுதலாகக் காட்டப்படும். விரும்பியதைச் சேர்க்கும் இடம் அதில் இருக்கிறது. வேண்டாததைச் சொல்ல அதில் இடம் வைக்கவில்லை.